நினைவு மலரில் பிழையாக அச்சான என் படிப்பு

என்ரை அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடமாகி, உங்களுடைய ஆட்டைத்திவசமும் போன கிழமை முடிந்தது. ஐயர் வந்து செய்ய வேண்டியதெல்லாம் செய்தார். ஆட்கள் சாப்பிட்டுப் போன பிறகு, வாழையிலைகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டே அம்மா என்னிடம் கேட்டார்.

"பிள்ளை, உன்ரை படிப்பு எப்ப முடியுது?"

"படிப்பு முடிஞ்சுது அம்மா. எத்தினை தரம் சொல்லிப்போட்டன்."

"அப்ப ஏன் இன்னும் வேலை தரேல்லை?"

இந்தக் கேள்விக்கு நான் அம்மாவுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்லுகிறேன். நான் படிக்கப் போன பிறகு, நீங்கள் உயிரோடு இருந்தவரைக்கும் என் படிப்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டதில்லை. ஆனபடியால் கேட்காமலே சொல்ல வேண்டியிருக்கிறது.

பட்டப் பரீட்சை எழுதி, பெறுபேறும் வந்துவிட்டது. நான்கு வருடப் படிப்பு கொரோனாவிலும் பெற்றோல் வரிசையிலும் பணிப்பகிஷ்கரிப்பிலும் இழுபட்டு நீண்டது உங்களுக்கே தெரியும். ஆனால் பட்டம் மட்டும் போதாது. என் பெயர் மருத்துவமாதாகப் பதிவாக வேண்டும். அதற்கு முதல், பதிவுபெற்ற ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க, குறித்த அளவு பிரசவங்களை நான் என் கையால் செய்து முடித்திருக்க வேண்டும். எனக்கு அதில் இன்னும் சில குறைகிறது. அந்தச் சிலதுதான் என்னை இவ்வளவு நாளும் வாசலில் நிற்க வைத்திருக்கிறது.

ஏன் குறைகிறது என்று கேளுங்கள். எங்கள் பக்கத்தில் இப்போது பிள்ளைகள் பிறப்பது குறைவு. கலியாணம் முடித்த சோடிகள் கனடாவுக்கும் லண்டனுக்கும் போய்விடுகிறார்கள். இருப்பவர்களில் வசதியுள்ளவர்கள் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். மிச்சப் பேரிலும் பலருக்குச் சத்திரசிகிச்சை. கடைசியில் சுகப்பிரசவமாக ஒரு தாய் வந்தால், மருத்துவ மாணவர்கள், தாதி மாணவர்கள், நாங்கள் என்று அந்த ஒரு கட்டிலைச் சுற்றி மூன்று கூட்டம். அதில் கடைசியாக நிற்பவர்கள் நாங்கள்.

பல்கலைக்கழகத்தின் பெயரையோ ஆஸ்பத்திரியின் பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை. ஆரையும் மாட்டிவிட நான் இதை எழுதவில்லை. ஆனால் என்னுடைய பெயரையும் நான் படித்த படிப்பின் பெயரையும் எழுதுவேன். அதற்காகத்தான் இந்தக் கடிதத்தை மடித்து உங்கள் படத்துக்குப் பின்னால் வைக்காமல், ஆட்கள் வாசிக்கிற இடத்தில் போடுகிறேன். நீங்கள் என்னைப் பற்றி ஊருக்குச் சொன்னதை நானும் ஊருக்கு முன்னால்தானே திருத்த வேண்டும்?

உயர்தரப் பெறுபேறு வந்த நாளை மறந்திருக்க மாட்டீர்கள். மருத்துவ பீடத்துக்கான வெட்டுப்புள்ளி மயிரிழையில் தவறிவிட்டது. அது எனக்கு இரண்டாவது தடவை. நீங்கள் வெங்காயத் தறைக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றபடியே, "பரவாயில்லை, இன்னொருக்கா எடு" என்றீர்கள். நான் மாட்டேன் என்றேன். மருத்துவமாதுப் படிப்பு இப்போது பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது, அதற்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்றேன்.

மண்வெட்டியை வரம்பில் குத்தி வைத்துவிட்டு நீங்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

"என்னத்துக்கு?"

"பிள்ளைப்பேறு பார்க்கிறதுக்கு அப்பா."

"எங்கடை வீட்டிலை இருந்து மருத்துவிச்சியோ? அந்த நாளிலை உது எந்தச் சாதிக்காரர் செய்த வேலை எண்டு தெரியுமோ உனக்கு?"

எனக்குத் தெரியும். அந்த நாளில் அந்த வேலையைச் செய்த பெண்களை, வேலை முடிந்ததும் வீட்டுக்குப் பின்னால், கோடிப்பக்கத்தால் அனுப்பி வைத்தார்கள் என்பதும் தெரியும். உங்களைப் பெற்றெடுத்தபோது உங்கள் தாய்க்குக் கைகொடுத்தவளும் அப்படித்தான் போயிருப்பாள். அவளுக்கு வீட்டுக்குள் இருந்து ஒரு கோப்பைத் தேத்தண்ணியாவது கொடுத்திருப்பார்களா அப்பா? இதை அன்றைக்கே கேட்டேன்.  மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போய்விட்டீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் என்னைத் தடுக்கவுமில்லை, ஏற்கவுமில்லை. திங்கட்கிழமை காலமையில் மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய் சந்தியில் விடுவீர்கள். பஸ் வரும்வரைக்கும் நிற்பீர்கள். நான் "போட்டு வாறன் அப்பா" என்றால் "ம்" என்பீர்கள். அந்த "ம்"மை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஏச்சென்று எடுப்பதா, பாசமென்று எடுப்பதா?

ஊரில் மட்டும் உங்களுக்கு வாய் இருந்தது. "மோள் என்ன செய்யுறா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "பல்கலைக்கழகத்திலை மருத்துவம் படிக்கிறாள்" என்றீர்கள். உடுவிலில் நடந்த கலியாணம் ஞாபகமா? பந்தியில் எங்களுக்கு எதிரே இருந்த உங்கள் பழைய சிநேகிதர், "பிள்ளை எப்ப டொக்டராய் வெளியிலை வாறா?" என்று கேட்டார். நீங்கள் சோற்றைப் பிசைந்தபடி, "இன்னும் ரண்டு வரியம்" என்றீர்கள்.

நான் சொன்னேன், "டொக்டருக்கு இல்லை மாமா. மருத்துவமாதுக்குப் படிக்கிறன்."

அவருக்கு விளங்கவில்லை. "அதென்ன?"

"மருத்துவிச்சி."

நீங்கள் இலையை மடித்துவிட்டு எழும்பினீர்கள். அப்போது பாயாசம்கூட வந்திருக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் அம்மா என்னைத் திட்டினார்.  நான் சொன்னதற்காக நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை அப்பா. நான் சொன்னது உண்மை.

முதன்முதலாக ஒரு பிள்ளை என் கையில் பிறந்த நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலை வெளியே வந்ததும் தோள் திரும்புகிற அந்தக் கணத்தில், படித்த பாடமெல்லாம் எங்கேயோ போய் கை மட்டும் வேலை செய்தது. வழுக்கி வழுக்கி, சூடாக, ஒரு முழு மனுசப்பிள்ளை. அழத் தொடங்கியதும் தாயின் நெஞ்சில் வைத்தேன். தாய் என்னைப் பார்க்கவேயில்லை, பிள்ளையைத்தான் பார்த்தாள். அதுதான் எனக்கு நல்லாகப் பிடித்தது. கை கழுவிக்கொண்டு வெளியே வந்து உடனே வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். நீங்கள்தான் எடுத்தீர்கள்.

"அப்பா, இண்டைக்கு ஒரு பிள்ளை என்ரை கையிலை பிறந்தது."

 பின்னால் கோழி கொக்கரிப்பது கேட்டது.

"அம்மாட்டைக் குடுக்கிறன்" என்றீர்கள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு இந்த வேலையைப் பற்றி நான் உங்களுடன் கதைக்கவில்லை. படிப்பு முடியட்டும், சீருடையோடு வந்து முன்னால் நிற்போம், அப்போது கதைக்காமல் எங்கே போவார் என்று நினைத்திருந்தேன். நீங்கள் சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தெருவோரத்தில் இருந்தீர்களாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு உங்களில் வந்த முதல் உணர்ச்சி அழுகையில்லை, கோபம். இப்படி நடுவில் விட்டுவிட்டா போவது?

இனி நினைவு மலருக்கு வருகிறேன்.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கொடுப்பதற்காகப் பெரியப்பாதான் புத்தகம் அச்சடிக்க ஏற்பாடு செய்தார். முன்பக்கத்தில் உங்கள் படம், உள்ளே தேவாரம், உங்கள் வாழ்க்கை வரலாறு. அச்சகத்திலிருந்து சரிபார்க்க வந்த தாளை நான் எடுத்து வாசித்தேன். "அன்னாரின் ஏக புத்திரி பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலும் மாணவி" என்று இருந்தது.

"பெரியப்பா, இது பிழை. மருத்துவமாதுக் கற்கை எண்டு போடுங்கோ."

"இரண்டும் ஒண்டுதானே பிள்ளை. பிள்ளைப்பேறும் மருத்துவம்தானே?"

"ஒண்டெண்டால் நான் சொல்லுறதைப் போடுங்கோவன்."

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா வெள்ளைச் சேலையோடு சுவரில் சாய்ந்து இருந்தார். அம்மா என் பக்கம் பேசுவார் என்று நினைத்தேன். நான் விண்ணப்பித்தபோது தன் சங்கிலியைக் கழற்றித் தந்து "போய்ப் படி" என்றவர் அல்லவா?

அம்மா சொன்னார், "அவர் சொன்னபடியே இருக்கட்டும் மோனை. செத்த மனுசனைப் பொய்யனாக்காதை."

அதற்கு மேல் நான் என்ன கதைப்பது? புத்தகம் அப்படியே அச்சாகி வந்தது. கரவெட்டியிலிருந்து வந்த சொந்தக்காரர் முதல், உங்களோடு புகையிலை வியாபாரம் செய்தவர்கள் வரை எல்லாரும் ஆளுக்கொன்று கொண்டு போனார்கள். நான் ஒன்றும் எடுக்கவில்லை. உங்களைப் பற்றி எழுதின ஒரே புத்தகம், அதில் நான் படிக்காத படிப்பு. மிஞ்சிய புத்தகங்கள் இன்றைக்கும் எங்கள் வீட்டு அலுமாரியில் அடுக்கி இருக்கின்றன.

வீட்டில்தான் இப்படியென்றால், ஆஸ்பத்திரியில் நடந்ததையும் கேளுங்கள்.

நீங்கள் போன பிறகு ஒரு நாள் பிரசவ அறைக்கு ஃபர்ஹானா என்று ஒரு பிள்ளை வந்தாள். யாழ்ப்பாணம் டவுன் சோனகத் தெருப் பக்கம். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை இங்கிருந்து வெளியேற்றியபோது அவளுடைய குடும்பம் புத்தளத்துக்குப் போக, அங்கேயே அவள் பிறந்து வளர்ந்திருக்கிறாள். கலியாணம் முடித்த பிறகுதான் தாய் தகப்பனுடைய ஊருக்கு வந்திருக்கிறாள். முதல் பிள்ளை. பயந்துபோய் இருந்தாள். கடமையில் இருந்த மருத்துவமாது என்னைக் கூப்பிட்டு, "இது உம்மடை கேஸ். பக்கத்திலை நில்லும்" என்றார்.

நின்றேன் அப்பா. காலமையிலிருந்து அவளுடைய இடுப்பைத் தடவினேன். நடக்க வைத்தேன். தண்ணீர் பருக்கினேன். பிரசவக் குத்து வரும்போது எப்படி மூச்சு விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். வெளியே நின்ற அவளுடைய தாய்க்கு ஓடி ஓடிப் போய்த் தகவல் சொன்னேன். பின்னேரம் பிள்ளையின் தலை தெரியத் தொடங்கியதும் நான் கையுறை போட்டேன். அப்போதுதான் வைத்தியர் மருத்துவ மாணவர்களோடு உள்ளே வந்தார்.

"இதை இவ செய்யட்டும்" என்று ஒரு மாணவியைக் காட்டினார்.

"சேர், காலமையிலை இருந்து நான்தான் இவவோடை நிக்கிறன். மிஸ் எனக்குத் தந்த கேஸ் இது."

"உமக்கு இன்னொண்டு வரும்."

"எப்ப சேர்?"

அந்த அறையில் அப்படி ஒருவரும் கேட்பதில்லை. வைத்தியர் சிரித்தார். "அதைப் பிள்ளைத்தாச்சியளிட்டைத்தான் கேக்க வேணும்." மாணவர்களும் சிரித்தார்கள். எனக்கு அந்தக் கேஸைத் தந்த மருத்துவமாது தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாவம், அவர் என்ன செய்வார்?

நான் வெளியே போகத் திரும்பினேன். ஃபர்ஹானா என் கையை எட்டிப் பிடித்தாள். "அக்கா, நீங்க போகாதீங்க" என்றாள். போகவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு அவளுடைய தலைமாட்டில் நின்றேன். "இப்ப முக்குங்கோ... இப்ப விடுங்கோ... கெட்டிக்காரி, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கால்மாட்டில் நின்ற மாணவியும் என் குரலுக்குத்தான் கை வைத்தாள். நல்ல பிள்ளை அவள், அவளில் எனக்குக் கோபமில்லை. பெண்பிள்ளை பிறந்தது. பிரசவம் அந்த மாணவியின் கணக்கில் போனது.

அடுத்த நாள் வாட்டில் ஃபர்ஹானா பிள்ளையைக் காட்டி, "நீங்கதானே அக்கா புள்ளைய எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"நான் எடுக்கேல்லைத் தங்கச்சி. நான் உங்கடை கையைத்தான் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்" என்றேன்.

அவளுக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. எனக்கு அந்த வித்தியாசம்தான் வாழ்க்கையாக இருக்கிறது. வைத்தியரை எதிர்த்துக் கதைத்தேன் என்று என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். "கேள்வி கேட்டதுக்கோ சேர்?" என்று கேட்டேன். அது இன்னும் பிழையாகப் போய்விட்டது. பிரசவ அறையிலிருந்து என்னைப் பிள்ளை பெற்ற தாய்மாரின் வாட்டுக்கு மாற்றினார்கள். பிரசவக் கணக்கு நிரம்பாததால், பதிவுக்கான பரீட்சையும் அந்த இடைவெளியில் என்னைத் தாண்டிப் போனது.

சித்தி லண்டனிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அழைத்து, "உதை விட்டிட்டு இஞ்சை வா, வயசுபோன ஆக்களைப் பார்க்கிற வேலை எடுத்துத் தாறன்" என்கிறார். விட்டுவிடலாமா என்று நானும் யோசித்திருக்கிறேன். பொய் சொல்லவில்லை.

ஊரில் இன்னொரு கூத்து. மருத்துவிச்சி என்ற சொல்லைக் கேட்டால் முகம் சுளித்த சனம், இப்போது பின்வளவுப் படலையால் வந்து அம்மாவிடம், "பிள்ளையை ஒருக்கா வந்து வயித்தைப் பார்க்கச் சொல்லுங்கோ" என்கிறார்கள். பதிவு இல்லாமல் பார்க்கக்கூடாது என்றால், "அப்ப இவ்வளவு காலமும் படிச்சு என்ன பிரயோசனம்?" என்று கேட்கிறார்கள். இரண்டு பக்கத்தாலும் அடி.

போன மாதம் ஒரு காலமை பெரியப்பாவே வந்தார். அவருடைய மகன் கண்ணன் அண்ணையின் மனைவி, வினோதா அண்ணிக்கு எட்டாம் மாதம்.

"பிள்ளை, மருமோளுக்குக் காலெல்லாம் வீங்கிக் கிடக்கு. ஒருக்கா வந்து பார்."

"நான் பார்க்கக்கூடாது பெரியப்பா. கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ."

"அண்டைக்கு அச்சடிக்கேக்கை மருத்துவமாது எண்டு போடச் சொல்லி நிண்டாய். இப்ப பார்க்கேலாதாம்!"

வாய்க்குள் வந்ததை விழுங்கிக்கொண்டு, சொந்தக்காரியாகப் போனேன். அண்ணியின் முகமும் வீங்கி இருந்தது. "தலையிடிக்குதோ அண்ணி?" என்று கேட்டேன். "ஓம், முந்தநாள் தொடக்கம். கண்ணும் மங்கலாக் கிடக்கு" என்றார். பிறஷர் கூடி வலிப்பு வரப்போகிறதுக்கான அறிகுறி இது என்று முதல் வருட மாணவிக்கும் தெரியும்.

"உடனை வெளிக்கிடுங்கோ" என்றேன்.

"இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை" என்றார் பெரியப்பா. "நாளைக்கு விடியப் போவம்."

நான் கத்தினேன் அப்பா. உங்கள் தமையனைப் பார்த்து, அவருடைய வீட்டு முற்றத்தில் நின்று கத்தினேன். "செவ்வாயும் கிடையாது, ஒண்டும் கிடையாது! தாயும் பிள்ளையும் வேணுமெண்டால் இப்ப ஏத்துங்கோ. கண்ணன் அண்ணை, ஓட்டோவைக் கூப்பிடுங்கோ!"

கண்ணன் அண்ணை கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் பிறஷர் பார்த்ததும் அண்ணியை உடனே உள்ளே எடுத்துவிட்டார்கள். மருந்து ஏற்றி, பின்னேரமே சத்திரசிகிச்சை செய்தார்கள். ஆண்பிள்ளை. சின்னன்தான், ஆனால் நல்ல குரல். அண்ணியும் தப்பிவிட்டார். நான் எனக்குத் தந்த வாட்டில் வேலையாக நின்றேன். பார்வையாளர் நேரம் முடிந்த பிறகு வாசலில் ஒரு சத்தம் கேட்டது. பெரியப்பாவின் குரல். காவலாளி அவரை உள்ளே விடவில்லை.

"தம்பி, நான் ஆரெண்டு தெரியுமோ? உள்ளை வேலை செய்யிற மருத்துவிச்சி என்ரை தம்பியின்ரை மோள். மருத்துவிச்சியின்ரை பெரியப்பா நான். விடும்!"

வாட் முழுக்கக் கேட்டது. காவலாளி அசையவில்லை. "மருத்துவிச்சியின்ரை பெரியப்பா எண்டாலும் நேரத்துக்குத்தான் ஐயா" என்றார்.

நான் வெளியே போய்த் தாயும் பிள்ளையும் சுகம் என்று சொன்னேன். பெரியப்பாவின் கண் கலங்கியது. பிறகு, "அப்ப உன்ரை கணக்கிலை ஒண்டு கூடினதுதானே?" என்று கேட்டார்.

"இல்லைப் பெரியப்பா. ஒப்பரேசன் எங்கடை கணக்கிலை வராது."

"உதென்ன நியாயம்? நீ சொல்லாட்டில் அவள் செத்தெல்லோ போயிருப்பாள்! உவங்களோடை ஆர் போய்க் கதைக்கிறது?"

"நான்தான்" என்றேன்.

அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது உங்களைத்தான் நினைத்தேன். நீங்கள் இருந்திருந்தால் அந்த வாசலில் நின்று அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பீர்களா? சொல்லியிருப்பீர்கள் என்று எழுதினால் கடிதம் வடிவாக இருக்கும். வாசிப்பவர்களுக்கும் ஆறுதலாக இருக்கும். ஆனால் எனக்கு அது தெரியாது. தெரியாததை ஊருக்குச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. தெரியாமல் போனதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

இந்தக் கிழமையிலிருந்து என்னைத் திரும்பவும் பிரசவ அறைக்கு விட்டிருக்கிறார்கள். நான் மன்னிப்புக் கேட்டு அல்ல. வேலைக்கு ஆள் போதாது என்றபடியால். குறைகிற பிரசவங்களைச் செய்து முடித்து, அடுத்த பரீட்சையை எழுதுவேன். லண்டனுக்குப் போக மாட்டேன் என்று சித்திக்கும் சொல்லிவிட்டேன்.

ஒரு வாக்குத் தருகிறேன் அப்பா. என் பெயர் பதிவாகும் அன்று, உடுப்பு மாற்றாமல் அந்தச் சீருடையோடேயே அம்மாவையும் கூட்டிக்கொண்டு கீரிமலைக்கு வருவேன். உங்களுடைய சாம்பலைக் கரைத்த இடத்தில் நின்று, தீர்த்தமாட வந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி, நான் என்ன வேலை செய்கிறேன் என்று உங்களுக்குச் சொல்லுவேன். நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். ஆனால் இந்த முறை அம்மாவிடம் கொடுக்காமல், நீங்களே கேட்க வேண்டும்.

கோபம் இன்னும் ஆறாத,
உங்கடை ஒரே மோள்,
தர்சினி
பண்டத்தரிப்பு